காற்றுக்கு ஒரு தோணி

தூத்துக்குடிக் கடற்கரையில் காற்றுக்குப் பெயர்கள் உண்டு. வடக்கிலிருந்து வருவது வாடை. கிழக்கிலிருந்து வருவது கொண்டல். மேற்கிலிருந்து வருவது கச்சான். தெற்கிலிருந்து வருவது சோழகம். கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கேற்றிச் சென்ற மரத்தோணிகளின் தலைவரைத் தண்டல் என்று அழைப்பர். முகத்தில் படும் காற்றைக் கொண்டே, அன்று பாய் விரிக்கலாமா கூடாதா என்று சொல்லிவிடுவார் தண்டல். அந்தத் தோணிகளைக் கட்டிய மரத்தச்சர்கள் ஓடாவிகள். என் தந்தை ஓர் ஓடாவி.

பாய்மரத் தோணிகளுக்கு எஞ்சின் பொருத்தத் தொடங்கிய காலத்தை நான் சிறுவனாக அருகிலிருந்து பார்த்தேன். தோணி உரிமையாளர்கள் விரைவை விரும்பினர். என் தந்தையோ, எஞ்சின் வந்து இறங்குவதற்கு முன்பே அதன் எடையைக் கேட்டு எழுதிக்கொள்வார். பிறகு எஞ்சின் அமர வேண்டிய இடத்தில் அதே எடைக்கு மணல் மூட்டைகளை அடுக்கித் தோணியை நீரில் மிதக்கவிடுவார். பின்புறம் எவ்வளவு தாழ்கிறது, அணியம் எவ்வளவு எழுகிறது என்பதைக் கரித்துண்டால் பலகையில் கோடிட்டு வைப்பார். இரண்டு நாள் அப்படியே கிடக்கும். உரிமையாளர்கள் பொறுமை இழப்பர். “மூட்டையை இறக்கிரலாம், எஞ்சினை இறக்க முடியாது” என்பது அவருடைய ஒரே பதில். பிற்காலத்தில் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியல் படித்தபோது, சோதனைப் பறத்தல் பற்றிய பாடங்களில் நான் அந்தக் கரிக்கோடுகளையே திரும்பத் திரும்பக் கண்டேன்.

பாயும் இறக்கையும் உடன்பிறப்புகள். நிமிர்த்தி நிறுத்திய இறக்கையே பாய். படுக்க வைத்த பாயே இறக்கை. இவ்வுண்மையைத் தம் வாழ்க்கையாகவே ஆக்கிக்கொண்ட ஒருவர் நம் கடலுக்கு எதிர்க்கரையில் வாழ்ந்தார். இலங்கைப் பொறியாளர் ரே விஜேவர்தன 1924இல் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் பொறியியல் பயின்றவர். சிறு உழவர்களுக்காக இரு சக்கர உழுபொறியை உருவாக்கியவர். 1968ஆம் ஆண்டு மெக்சிகோ ஒலிம்பிக்கில் பாய்மரப் படகுப் போட்டியில் கலந்துகொண்டவர். அவரே சிறிய, எடை குறைந்த விமானங்களைத் தம் கையால் கட்டித் தாமே ஓட்டியும் பார்த்தார். மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தின் வேந்தராகவும் விளங்கிய அவர், 2010இல் எண்பத்தாறு வயது நிறைவுறும் வேளையில் மறைந்தார். தாமே கட்டிய விமானத்தைத் தாமே ஓட்டியவர் அத்தனை முதுமை வரை வாழ்ந்தார் என்பதை நான் நற்பேறு என்று கருதவில்லை.

கையால் விமானம் கட்டும் ஆர்வம் நம் மண்ணுக்கும் புதிதன்று. 1910 மார்ச்சில், சென்னை மவுண்ட் ரோட்டில் விடுதி நடத்திவந்த ஜாக்கொமோ டி ஏஞ்சலிஸ் என்பவர், தாமே வடிவமைத்த விமானத்தைச் சிம்சன் நிறுவனத்தாரைக் கொண்டு கட்டுவித்துப் பல்லாவரத்தில் பறக்கவிட்டார். ரைட் சகோதரர்கள் முதன்முதலில் பறந்து ஏழாண்டுகூட நிறையாத காலம் அது. நம் காலத்தில் மும்பையைச் சேர்ந்த விமானி அமோல் யாதவ், காந்திவலியில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் மொட்டை மாடியில் ஆறு பேர் அமரும் விமானத்தைக் கட்டினார். 2016இல் மும்பைக் கண்காட்சியில் அதைப் பலரும் வியந்து பார்த்தனர். ஆயினும் அவ்விமானத்திற்குப் பதிவு கிடைத்தது 2017இல். சோதனைப் பறத்தல் நிகழ்ந்தது 2020இல். செய்தித்தாள்கள் மொட்டை மாடியைப் பற்றி எழுதிய அளவுக்கு, இடைப்பட்ட அந்த ஆண்டுகளைப் பற்றி எழுதவில்லை. எனக்கோ அந்த ஆண்டுகளே சுவையானவை.

என் தங்கை மகன் பாலிடெக்னிக் முடித்தவன். படகு எஞ்சின் பழுதுபார்க்கும் பட்டறையில் வேலை செய்கிறான். விடுமுறையில் நான் ஊருக்குச் சென்றிருந்தபோது என்னை உப்பளத்தின் ஓரத்தில் இருந்த ஒரு கொட்டகைக்கு அழைத்துச் சென்றான். உள்ளே ஒருவர் மட்டும் அமரக்கூடிய சிறு விமானம் ஒன்று முக்கால் பங்கு முடிந்து நின்றது. மரச்சட்டமும் துணியுறையுமாக, தாத்தாவின் கைத்திறன் பேரனின் விரல்களில் இறங்கியிருப்பதைப் பார்த்தேன். பார்த்தவுடன் மகிழ்ச்சியும் அடுத்த நொடியே அச்சமும் வந்தன.

“மாமா, உப்பளத்து வரப்பு நேரா கிடக்கு. சித்திரையில காஞ்சு கல்லு மாதிரி ஆயிரும். அதுல ஓட்டித் தூக்கிரலாமா?” என்று கேட்டான்.

மூல வரைபடத்திலிருந்து எதையெல்லாம் மாற்றியிருக்கிறாய் என்று கேட்டேன். மூன்றே மூன்று மாற்றங்கள் என்றான். கொட்டகை சிறியது என்பதால் இறக்கையின் இரு முனைகளிலும் 55 சென்டிமீட்டர் குறைத்திருந்தான். வரைபடத்தில் சொன்ன எஞ்சின் கிடைக்காததால், அதைவிட 20 கிலோ கூடுதலான மோட்டார் சைக்கிள் எஞ்சினை மூக்கில் பொருத்தியிருந்தான். முன்பாரம் மிகுந்துவிட்டதை அவனே உணர்ந்து, அதைச் சரிக்கட்ட வாலில் 10 கிலோ இரும்பைக் கட்டியிருந்தான். தராசு நேராக நிற்கிறது என்று பெருமையுடன் சொன்னான்.

அவன் சொன்னது உண்மை. பதினோராம் வகுப்பு இயற்பியலில் நீங்கள் படிக்கும் திருப்பு விசைதான் இது. ஈர்ப்பு மையத்திலிருந்து முன்னே 1.5 மீட்டரில் 20 கிலோ. பின்னே 3 மீட்டரில் 10 கிலோ. இரண்டின் பெருக்கற்பலனும் முப்பது. ஈர்ப்பு மையம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. வால் கனத்த விமானம் மூக்கைத் தாழ்த்த மறுக்கும். மூக்குக் கனத்தது தரையிறங்கும்போது நிமிர மறுக்கும். இரண்டையும் அவன் தவிர்த்திருந்தான். ஆனால் தராசு எல்லாவற்றையும் சொல்லிவிடுவதில்லை.

கொட்டகையின் மரப்பலகையிலேயே கணக்குப் போட்டோம். ஓட்டுபவரையும் சேர்த்து 250 கிலோவாக இருக்கவேண்டிய விமானம் 280 கிலோ ஆகிவிட்டது. 12 சதுர மீட்டர் இறக்கை 10.5 ஆகக் குறைந்துவிட்டது. ஒரு குறிப்பிட்ட வேகத்திற்குக் கீழே சென்றால் இறக்கையால் விமானத்தைத் தாங்க இயலாது, காற்று இறக்கையின் மேற்பரப்பைப் பற்றி ஓடாமல் பிய்த்துக்கொண்டு போகும், தூக்குவிசை சரியும். அந்த எல்லை வேகம் வரைபடத்தின்படி மணிக்கு ஏறத்தாழ 58 கிலோமீட்டர். அவன் விமானத்திற்கோ 65. ஏழு கிலோமீட்டர்தானே என்று தோன்றும். 45 பாகை சாய்ந்து திரும்பும்போது அதே எல்லை 77 ஆகிவிடும். பழைய விமானத்தில் பாதுகாப்பாக இருந்த 70 கிலோமீட்டர் வேகத் திருப்பம் இதில் வீழ்ச்சியாக முடியும். அவ்வெல்லை வேகத்தில் தரையைத் தொட்டால், இயக்க ஆற்றல் நாற்பது விழுக்காட்டுக்கு மேல் கூடியிருக்கும். சக்கரக் கால்களோ பழைய கணக்கிற்குக் கட்டப்பட்டவை. மேலும், பாரத்தை இரு கோடிகளில் வைத்ததால் விமானத்தின் நிலைமத் திருப்புத்திறன் மிகுந்துவிட்டது. காற்றில் ஒருமுறை சுழலத் தொடங்கினால் எளிதில் நிற்காது. மூன்று மாற்றங்களும் தனித்தனியே பார்த்தால் நியாயமானவை. மூன்றும் ஒரே பக்கம் நின்று அவனுக்கு எதிராகக் கைகோத்துக்கொண்டன.

விமான வரலாற்றில் சிறு மாற்றங்களின் கதை நீளமானது. 1908 செப்டம்பர் 17 அன்று அமெரிக்காவின் போர்ட் மையரில் ஆர்வில் ரைட், தாமஸ் செல்ஃபிரிட்ஜ் என்னும் இராணுவ அதிகாரியை உடன் அமர்த்திப் பறந்தார். முன்னிருந்ததைவிடச் சற்றே நீளமான புதிய சுழல்விசிறிகளை அவர் பொருத்தியிருந்தார். பறக்கும்போது ஒன்றில் விரிசல் கண்டது. அதிர்ந்த அலகு, சுக்கானைத் தாங்கிய கம்பியை வெட்டியது. செல்ஃபிரிட்ஜ் இறந்தார், எஞ்சின் விமானத்தில் உயிரிழந்த முதல் மனிதர் அவரே. ஆர்வில் கால் எலும்பும் விலா எலும்புகளும் முறிந்து பல வாரங்கள் மருத்துவமனையில் கிடந்தார். அன்றைய உலகில் விமானத்தை அவரைவிட நன்கறிந்தவர் அவர் அண்ணன் ஒருவர் மட்டுமே.

இன்னொன்று 1997இல் நிகழ்ந்தது. பர்ட் ரூட்டன் வடிவமைத்த லாங்-ஈஸி என்பது வீட்டிலேயே கட்டிக்கொள்ளத்தக்க புகழ்பெற்ற விமானம். பெங்களூரு தேசிய விண்வெளி ஆய்வகம்கூட அவ்வடிவத்தைப் பின்பற்றி ஆய்வு விமானம் ஒன்றைக் கட்டியது. ஹன்சா பயிற்சி விமானத்திற்கு முன் நடந்த பணி அது. பாடகர் ஜான் டென்வர் வாங்கிய லாங்-ஈஸியை வேறொருவர் கட்டியிருந்தார். எரிபொருள் தொட்டியை மாற்றித் தேர்வுசெய்யும் வால்வு, வரைபடத்தின்படி விமானியின் கால்களுக்கிடையே இருக்கவேண்டும். எரிபொருள் குழாய் விமானியின் அறைக்குள் வரவேண்டாம் என்ற நல்லெண்ணத்தில், கட்டியவர் அதை விமானியின் இடத் தோளுக்குப் பின்னால் வைத்தார். டென்வர் விமானத்தைப் பெற்றுக்கொண்ட மறுநாளே பறந்தார். ஒரு தொட்டி வறண்டிருக்க வேண்டும். வால்வைத் திருப்ப அவர் உடலைப் பின்னோக்கி முறுக்கியபோது கால் சுக்கான் மிதியை அழுத்தியிருக்கலாம் என்பது விசாரணையாளர்களின் கருத்து. விமானம் மான்டரே விரிகுடாவில் வீழ்ந்தது. நெருப்புக்கு அஞ்சிச் செய்த மாற்றம், கைக்கு எட்டாத தொலைவாய் முடிந்தது.

வண்ணம் பூசுவதுகூட மாற்றமே என்று சொன்னால் சிலர் நகைப்பர். இறக்கையின் பின்விளிம்பில் கீலில் ஆடும் மடலுக்கு மேலும் ஒரு பூச்சு வண்ணம் அடித்தால், கீலுக்குப் பின்னால் எடை கூடும். குறிப்பிட்ட வேகத்தில் அந்த மடல் கொடிபோல் படபடக்கத் தொடங்கும். சில நொடிகளில் இறக்கையையே பிய்த்துவிடும். ஆகவே வண்ணம் தீட்டியபின் மடலைக் கழற்றி மீண்டும் சமன்செய்து பார்ப்பது விமானத் தொழிலில் விதி. பழுதுபார்த்தலும் அப்படியே. இரண்டாம் உலகப்போரின் லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானத்தை வடிவமைத்த ராய் சாட்விக், 1947இல் தாம் வடிவமைத்த டியூடர் விமானத்தின் சோதனைப் பறத்தலில் இறந்தார். பணியாளர்கள் இறக்கை மடல்களின் கம்பிகளை மாற்றிக் கோத்திருந்தனர். இடப்பக்கம் சாய்க்கத் திருப்பினால் வலப்பக்கம் சாய்ந்தது. கட்டுப்பாட்டுத் தண்டை அசைத்து, மடல் எழுகிறதா தாழ்கிறதா என்று இறங்கி நின்று பார்க்க அரை நிமிடம் போதும்.

இவ்வளவையும் தங்கை மகன் கேட்டுக்கொண்டிருந்தான். அவனை அசைத்தது இவற்றில் எதுவுமன்று. அவன் வீட்டிலேயே ஒரு பாடம் இருந்தது.

அவன் தந்தை சங்கு குளிப்பவர். முத்துக்குளித்தல் எங்கள் கரையில் 1961க்குப் பிறகு நடக்கவில்லை. சங்குக் குளிப்பு தொடர்ந்தது. முன்னோர் ஒரு மூச்சில் போய் ஒரு மூச்சில் வந்தனர். மூச்சு முட்டும், மேலே வந்தே ஆக வேண்டும். பின்னாளில் காற்றழுத்தியைப் படகில் ஏற்றி, குழாய் வழியே காற்றை வாயில் கொடுத்துக் குளிக்கத் தொடங்கினர். பிழைப்புக்கு அது பெரும் உதவி; குறை சொல்வதற்கில்லை. ஆனால் ஒரு மணி நேரம் ஆழத்தில் கிடந்தால், அழுத்தத்தில் நைட்ரஜன் உடலெங்கும் கரைந்து நிற்கும். விரைந்து மேலே வந்தால், சோடாப் புட்டியைத் திறந்தாற்போல் அது குமிழியாகும். மூச்சு முட்டுவது ஒரு தடையாக இருந்தது. அத்தடையே காவலாகவும் இருந்தது. தடையை நீக்கிய கை, காவலையும் சேர்த்து நீக்கிவிட்டது. என் மைத்துனர் ஒருநாள் அவசரமாக மேலே வந்தார். அன்றுமுதல் அவருக்கு இடுப்புக்குக் கீழ் உணர்வு குறைவு. திண்ணையில் அமர்ந்து வலை முடைகிறார்.

பழைய முத்துக்குளிப்பில் மூழ்குபவனின் கயிற்றை மைத்துனனே பிடிப்பான் என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். கூடப்பிறந்தவளின் தாலி அவன் கையிலிருக்கும் கயிற்றோடு பிணைந்திருப்பதால், அவன் கண் அயரமாட்டானாம். சொந்த உடலின் நிலையைக் கடலுக்கடியில் இருப்பவன் அறியமாட்டான். மேலே இருப்பவனுக்குக் கயிறு சொல்லும். தானே கட்டிய விமானத்தைத் தானே சோதித்துத் தானே சான்று கொடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது. பல இரவுகள் விழித்துக் கட்டியவனின் கண், இருக்கும் குறையைப் பார்க்காது. இருக்க வேண்டும் என்று விரும்பியதையே பார்க்கும்.

சட்டமும் இங்கே கயிறு பிடிக்கிறது. நம் நாட்டில் சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் பதிவும் இசைவும் இன்றி இத்தகைய விமானம் பறக்கலாகாது. 1934ஆம் ஆண்டின் வானூர்திச் சட்டத்திற்கு மாற்றாக வந்த புதிய சட்டம் 2025 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ளது. இவற்றை வெறும் தாள்கட்டு என்று இளைஞர்கள் சலிப்பதுண்டு. சில வேளைகளில் அச்சலிப்பில் நியாயமும் உண்டு. ஆனால் அந்தக் கொட்டகையின் வாசலில் நின்று நான் மேற்கே காட்டினேன். வாகைக்குளம் விமான நிலையத்திற்கு வந்து போகும் விமானங்களின் வானம் அது. கிழக்கே துறைமுகம், அதற்கப்பால் மன்னார் வளைகுடாவின் தீவுகள். நடுவில் உப்பளத்தில் கூலிக்கு உப்பு வாரும் பெண்கள். எஞ்சின் நின்றுபோனால் விழுவதற்கு வெற்றிடம் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். அவன் விடை சொல்லவில்லை.

உப்பளம் பார்வைக்கு ஓடுதளம்போலத் தோன்றும் என்பது உண்மைதான். ஆனால் நண்பகலில் அந்த வெண்மை கண்ணை ஏமாற்றும். தரை பத்தடி கீழே இருக்கிறதா இரண்டடி கீழே இருக்கிறதா என்று தெரியாது. உப்புக் காற்றோ இன்னும் மெதுவான பகைவன். அலுமினியத் தகட்டில் இரும்பு ஆணியை முடுக்கினால், இடையில் படியும் உப்பு ஈரம் அதை ஒரு சிறு மின்கலமாக்கிவிடும். ஆணி இருக்கும், அதைச் சுற்றியுள்ள அலுமினியம் பொடியாகும். அவன் இரண்டு இடங்களில் அப்படி முடுக்கியிருந்தான். வெளியே தெரியாதபடி அழகாக வண்ணம் பூசியும் இருந்தான். அந்த அழகுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

பறக்காதே என்று நான் சொல்லவில்லை. சொன்னால் கேட்கும் வயதன்று. சொல்வது முறையும் அன்று. வரிசையை மட்டும் சொன்னேன். முதலில் இறக்கையை வரைபடத்தின் நீளத்திற்கே திரும்பக் கட்ட வேண்டும். கொட்டகை போதாதென்றால் சுவரை இடிக்கட்டும். வால் இரும்பை நீக்கி, எடை குறைந்த எஞ்சின் கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டும். ஒருநாளில் ஒரு மாற்றம். ஒவ்வொன்றும் தேதியிட்டுக் குறிப்பேட்டில் ஏற வேண்டும். மூக்கை உயர்த்திக் கட்டி எரிபொருள் தடையின்றி ஓடுகிறதா என்று அளக்க வேண்டும். எஞ்சினைத் தரையிலேயே பல மணி நேரம் ஓடவிட வேண்டும். பிறகு தகுதிபெற்ற பொறியாளர் ஒருவர் பார்க்க வேண்டும், பிறகு இசைவு, பிறகு முறையான ஓடுதளத்தில், பயிற்சி பெற்ற விமானியின் கையில், முதலில் ஓட்டம், அடுத்துச் சிறு எழும்பல், அதற்குப் பின்னரே பறத்தல். அந்த முதல் விமானி அவனாக இருக்க வேண்டியதில்லை என்றபோது முகம் வாடினான். பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தால் அவனாகவும் இருக்கலாம் என்றேன்.

அடுத்த பொங்கலுக்கு நான் சென்றபோது கொட்டகையின் பின்சுவர் இல்லை. புது இறக்கை ஒன்று தலைகீழாகக் கவிழ்த்து முட்டுக்கட்டைகளின்மேல் பொருத்தப்பட்டிருந்தது. பறக்கும்போது காற்று கீழிருந்து மேலே தூக்கும் விசையை, கவிழ்த்த இறக்கையின்மேல் பாரம் அடுக்கிப் பார்ப்பது வழக்கம். மணல் மூட்டைக்குப் பதிலாக இருபத்தைந்து கிலோ உப்பு மூட்டைகளைக் கொண்டுவந்திருந்தார்கள். என் மைத்துனரை நாற்காலியோடு தூக்கி வந்து இறக்கையின் முனைக்கு எதிரே அமர்த்தியிருந்தான். அவர் மடியில் குறிப்பேடு, கையில் அளவுகோல். ஒவ்வொரு மூட்டை ஏறியதும் முனை எத்தனை விரற்கடை தாழ்ந்தது என்று அவர் எழுதினார். எழுதி முடித்துத் தலையசைத்த பிறகே அடுத்த மூட்டை ஏறியது.

பதினோராவது மூட்டையில் எங்கோ மெல்லிய முறிவொலி கேட்டது. எனக்குச் சரியாகக் கேட்கவில்லை, பையனுக்கும் கேட்கவில்லை. மைத்துனர் கையை உயர்த்தினார். மூட்டைகளை ஒவ்வொன்றாக இறக்கினோம். துணியைக் கீறிப் பார்த்தபோது, நடுச்சட்டத்தில் பசை சரியாகப் பிடிக்காத ஒரு பொருத்து முழ நீளத்திற்கு வாய்பிளந்திருந்தது. பையன் அதன்மேல் விரலை ஓட்டிப் பார்த்துக்கொண்டே நெடுநேரம் நின்றான். மைத்துனர் குறிப்பேட்டில் தேதி எழுதி, மூட்டை எண்ணும் எழுதி, கீழே ஒரு கோடு இழுத்தார்.